லோஷினிக்கு நான் வைத்த பேர்

லோஷினிக்குக் கசிப்பு என்று பேர் வைத்தவன் நான்.

வேறு யாருமில்லை. கடைக்காரர் வைத்தார், பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள், தானாக வந்தது என்று என்னென்னவோ சொல்வார்கள். நம்பாதீர்கள். அது முதலில் வந்தது என் வாயிலிருந்து.

கசிப்பு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் ஒளித்துக் காய்ச்சுகிற சாராயம். எங்கள் பக்கத்தில் சம்பள நாளன்று ஆம்பிளைகளை வீட்டுக்குத் தூக்கி வரவைப்பது அதுதான். லோஷினி பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை. அதன் வாடை வந்தாலே மூக்கைப் பொத்துகிற பிள்ளை.

இப்போதே உங்கள் முகம் சுருங்குகிறது. சுருங்கட்டும். ஆனால் அன்றைக்கு நீங்கள் அந்த இடத்தில் நின்றிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். அதனால் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம்.

நான் வாயைத் திறந்தால் எல்லாரும் சிரிப்பார்கள். என்னிடம் இருந்த ஒரே சொத்து அது. சாதாரண தரப் பரீட்சைக்குப் போனேன், பேப்பரைப் பார்த்தேன், திரும்பி வந்தேன். படிப்பு அத்தோடு முடிந்தது. ஹல்துமுல்லைக்கு மேலே மலையில், எங்கள் ஆட்கள் கொழுந்து பறிக்கிற தேயிலைத் தோட்டம்தான் எங்கள் ஊர். கீழே சந்தியில் த்ரீவீல் ஓட்டினேன். ஆள் கிடைக்காத நேரமெல்லாம் போகிற வருகிறவர்களுக்குப் பேர் வைத்தேன். எங்கள் கங்காணிக்கு ரேடியோ என்று பேர். பேசிக்கொண்டே இருப்பார், யாரும் கேட்கமாட்டார்கள். நான் வைத்த பேர் ஒட்டினால் ஒட்டியதுதான். பெற்றவர்கள் வைத்த பேர் பெற்றவர்களுக்கே மறந்துபோகும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பீலியடியில், அதாவது மலைத்தண்ணீர் குழாய் வழியாக வந்து கொட்டுகிற இடத்தில், பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சிலபேர் பக்கத்துச் சிமெந்துக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தோம். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில் பக்கத்து வரிசையில் இருந்த லோஷினி குடத்தோடு வந்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். தண்ணீர் பிடித்துத் தூக்கியபோது கை நடுங்கிப் பாதித் தண்ணீர் பாவாடையில் கொட்டியது. உதட்டோரத்தில் எச்சில் வழிந்தது.

"என்னா புள்ள, ஆடிக்கிட்டு வார?" என்றேன்.

அவள் ஏதோ பதில் சொன்னாள். நாக்கு புரளவில்லை. கொழகொழவென்று ஒரு சத்தம்தான் வந்தது.

"அடியே, ஒங்கப்பன் போத்தல்ல வச்சிருந்த மிச்சத்த நீ அடிச்சிட்டியா? தள்ளுங்கப்பா, தள்ளுங்க... கசிப்பு வருது."

அதோடு விட்டேனா? எழுந்து அவள் பின்னாலேயே அவளைப் போலவே ஆடி ஆடி நடந்து காட்டினேன். பெண்கள் சோப்பு நுரைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளுடைய அப்பா நிஜமாகவே கசிப்புக்காரர் என்பதால் பேர் இன்னும் நன்றாகப் பொருந்திப்போனது. லோஷினியும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்... அப்படித்தான் நினைத்தேன். வாய் திறந்துதான் இருந்தது.

பேர் என்னைவிட வேகமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. வாத்தியார் அவளை வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தாராம். அவளுடைய எழுத்து கோணிக்கொண்டே போனது. அதற்கும் அந்தப் பேரே காரணமாகச் சொல்லப்பட்டது. முன் வரிசையில் இருந்தவளைப் பின் வரிசைக்கு அனுப்பினார்கள். பிறகு அவள் போவதையே நிறுத்திவிட்டாள். புருஷன்தான் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுக்கிறான் என்று அவளுடைய அம்மா கமலா அக்கா அவரோடு சண்டை பிடித்தார். தன் போத்தலில் கை வைக்கிறாள் என்று அவர் மகளை அடித்தார். ஒரே ஒரு பேர், அந்த ஒற்றை அறைக்குள் இருந்த எல்லாரையும் ஒருவரோடு ஒருவர் மோதவிட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த ஆளுக்குப் பேர் வைக்கப் போய்விட்டேன்.

இதற்குப் பிறகுதான் டொக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். டொக்டர் மங்கையர்க்கரசி, யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் ஒரு கடைக்கு மேல்மாடியில் சிறிய ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றை நடத்துகிறார். பிள்ளைகளுக்கு வருகிற அபூர்வமான நோய்களைக் கண்காணிக்கிற பிரிவு. ஒரு டொக்டர் தன் ஆயுளில் ஒன்றோ இரண்டோ தடவைதான் காணக்கூடிய நோய்கள். முதலில் என் த்ரீவீலை வாடகைக்குத்தான் பிடித்தார். போகிற தோட்டத்திலெல்லாம் எல்லாருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. அவரைக் கண்டால் மரியாதைக்கு வாயை மூடிக்கொள்கிறவர்கள் என்னைக் கண்டால் ஊர்க்கதை முழுக்கச் சொன்னார்கள். அதனால் என்னையே வேலைக்கு எடுத்துக்கொண்டார். என்னைப் பிடித்துப்போய் எடுக்கவில்லை. தேவைப்பட்டு எடுத்தார்.

"உமக்கு எல்லாம் பகிடி" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். "ஆனா சனம் உம்மோட கதைக்குது. அதுக்குத்தான் உம்மை வச்சிருக்கிறன்."

எனக்கும் அவரைப் பிடிக்காது. அவருக்கும் ஒரு பேர் வைத்திருந்தேன். அதை இங்கே சொல்லமாட்டேன். ஒரு பேரின் கதையே உங்களுக்குப் போதும்.

எங்கள் வேலை இதுதான். மாதம் ஒரு தடவை ஒவ்வொரு தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் போய்க் கேட்க வேண்டும்: இன்ன இன்ன மாதிரிப் பிள்ளை யாராவது வந்ததா? வரவில்லை என்றால் 'இல்லை' என்று அவர்கள் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். அவர்கள் இல்லாத நேரத்தில் போய்விட்டு நானாக 'இல்லை' போடக்கூடாது.

"இல்லை எண்டு ஒருத்தர் பொறுப்பாச் சொன்னாத்தான் அது இல்லை" என்பார் டொக்டர். "ஆரும் ஒண்டும் சொல்லேல்லை எண்டா அது இல்லை ஆகாது. எங்களுக்குத் தெரியாது எண்டுதான் அர்த்தம். விளங்குதோ?"

விளங்கியது. பெரிய அலுவலகங்களில் அவரைக் கேலி செய்வார்களாம், இத்தனை 'இல்லை'யைப் பொறுக்கி எடுக்க ஒரு பிரிவு எதற்கு என்று. அங்கே சண்டை போட்டுவிட்டு வருகிற நாளில் மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே நாங்கள் ஆளுக்கொரு வேலையைப் பிடித்துக்கொள்வோம்.

எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் போனேன். அங்கே மருந்து கொடுக்கிற ஐயாவுக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"கை கால் இழுக்குறது, பேச்சு கொழர்றது, அப்புடி புள்ளைக யாரும் வந்தாங்களா ஐயா?"

"இல்லப்பா. எல்லாம் சளி காய்ச்சல்தான்" என்றார். பிறகு கண்ணைச் சிமிட்டினார். "கசிப்பு ஒருத்தி இருக்கா. அவளையும் சேத்துக்கிறியா?"

"அவ கேஸ் பொலிஸுக்குங்கையா. எங்களுக்கு இல்ல."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் 'இல்லை' என்று பதுளைக்குக் கொண்டுபோனேன்.

இதுவரைக்கும் தெரியாமல் செய்தது, பாவம், விளையாட்டுப் பையன் என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு மழைநாள். ஒரு பஸ்ஸும் மேலே ஏறவில்லை. டொக்டர் எங்களை உட்கார வைத்து ஒரு வீடியோ காட்டினார். செம்பு சேருகிற நோய். சாப்பாட்டில் இருக்கிற துளிச் செம்பை வெளியே அனுப்பத் தெரியாமல் உடம்பு ஈரலிலும் மூளையிலும் சேர்த்துக்கொண்டே போகுமாம். பிறக்கும்போதே கூடவருவது, வெளியே தெரிவதற்குத்தான் வருஷக்கணக்காகுமாம். திரையில் ஒரு பையன். கை நடுங்கியது. உதட்டோரம் எச்சில். பேரைச் சொல்லச் சொன்னார்கள். நாக்கு புரளவில்லை. எழுந்து நடக்கச் சொன்னார்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தான்.

எனக்கு அந்த நடை தெரியும். நான் நடந்து காட்டிய நடை அது.

"பாக்கிறவைக்குக் குடிவெறியில நிக்கிற மாதிரித்தான் இருக்கும்" என்றார் டொக்டர். "பள்ளிக்கூடத்தில சோம்பேறி எண்டுவினம். வீட்டில பேய் பிடிச்சிட்டுது எண்டுவினம். வேளைக்குக் கண்டுபிடிச்சா குளிசை மருந்து இருக்கு. ஒழுங்காக் குடிச்சா மற்றப் பிள்ளையள் மாதிரி வாழலாம். பிந்தினா... போன பேச்சு திரும்பி வரும் எண்டு சொல்லேலாது."

பிறகு நேரே என்னைப் பார்த்தார்.

"நீர் எல்லா லயத்துக்கும் போறனீர். இப்பிடி ஆரையும் கண்டனீரோ?"

எவ்வளவு நேரான கேள்வி, பாருங்கள். லோஷினி என்ற பேர் என் தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே மற்றப் பேரும் வந்தது. இதைச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் யார் வைத்தது என்று கேட்பார். கேட்காமல் விடுகிற ஆள் இல்லை அவர். அத்தனை பேர் முன்னால்... மாடியில் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏதாவது சிரிப்பாகச் சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க மாமா ஒருத்தரு இப்புடியேதாங்க டொக்டர். ஆனா சம்பள நாளைக்கு மட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். டொக்டரின் உதடுகூட ஒரு கணம் அசைந்தது. அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

பேர் வைத்ததை முதலில் சொன்னேன், அது சொல்ல எளிது என்பதால். நான் உண்மையில் சொல்ல வந்தது இதைத்தான். ஒரு பிள்ளையின் பேச்சு என் ஒரு சொல்லில் தங்கியிருந்தபோது நான் ஒரு பகிடி சொன்னேன்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளை வந்ததும், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று நினைத்தேன். அடுத்த வாரம், போன வாரத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டுமே என்று நினைத்தேன். உங்களுக்கு இப்படி நடந்ததே இல்லையா? இல்லை என்று சொல்வீர்கள். சொல்லுங்கள், யார் பார்த்தது?

கடைசியில் கமலா அக்காவிடம் போனேன். அவர் அப்போதுதான் மலையிலிருந்து வந்து, நெற்றியில் மாட்டியிருந்த கொழுந்துக்கூடைக் கயிற்றைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, லோஷினிய பதுளைக்குக் கூட்டிட்டுப் போவோம். நானே த்ரீவீல்ல கூட்டிட்டுப் போறேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன்டா, இங்க சிரிச்சது பத்தலயா? பதுளையில போயி கூட்டம் சேக்கப் போறியா?"

"இல்லக்கா. அது நோயா இருக்கலாம்..."

"நோயா? நேத்து வரைக்கும் கசிப்பு, இன்னைக்கு நோயா? எம்புள்ளையப் பாத்து இளிச்ச வாயி சொல்றத நான் கேக்க மாட்டேன். போடா."

கதவைச் சாத்தினார். உள்ளே ஏதோ பாத்திரம் கை தவறி விழுந்து உருண்டது. யாருடைய கை என்று எனக்குத் தெரியும்.

வெளியே நின்ற எனக்கு என்ன தோன்றியது என்று கேளுங்கள். நிம்மதி. நான்தான் சொல்லிப் பார்த்துவிட்டேனே என்ற நிம்மதி. டொக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே மலையேறி வந்து, அந்தக் கதவு திறக்கும்வரை மழையில் நின்றிருப்பார். அவரைப் பிடிக்காத எனக்கே அது தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. அந்த மாதம் டிஸ்பென்சரியில் 'இல்லை' என்றார்கள். நான் 'இல்லை' என்று கொண்டுபோனேன். அடுத்த மாதமும் கொண்டுபோனேன். அதற்கடுத்த மாதமும்...

பிறகு லோஷினி லயத்துப் படிக்கட்டில் விழுந்து தலையை உடைத்துக்கொண்டாள். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காயத்துக்குத் தையல் போட்ட இளம் டொக்டர் கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். கருவிழியைச் சுற்றித் தவிட்டு நிறத்தில் ஒரு வளையம். செம்பு படிந்த வளையம். உடனே எங்கள் மாடிக்கு டெலிபோன் வந்தது.

டொக்டர் விலாசத்தைக் கேட்டு எழுதினார். டெலிபோனை வைத்தார்.

"இது உம்மட தோட்டம்."

"ஆமாங்க டொக்டர்."

"மாதா மாதம் இல்லை எண்டு கொண்டந்தனீர்."

"டிஸ்பென்சரியில இல்லன்னுதாங்க சொன்னாங்க."

அதில் ஒரு சொல் பொய் இல்லை. பொய்யில்லாமல் பொய் சொல்ல என்னைப் போன்றவனுக்குத்தான் வரும்.

டொக்டர் அன்றே டிஸ்பென்சரிக்குப் புறப்பட்டார். நான்தான் ஓட்டினேன். மருந்து கொடுக்கிற ஐயாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "எல்லாரும் கசிப்பு கசிப்புன்னு கூப்பிட்டாங்க மேடம். நானும் புள்ள குடிக்குதுன்னுதான் நெனச்சிட்டேன்." டொக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பிரதான வீதிக்கு வந்த பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தப் பேரை ஆர் துவக்கினது எண்டு எனக்குத் தெரிய வேணும். தண்டிக்கிறதுக்கு இல்லை. எங்கை பிழைச்சது எண்டு தெரியாட்டி இன்னொரு தோட்டத்திலயும் இதே மாதிரிப் பிழைக்கும். நீர் போய் விசாரியும். உம்மோடதானே சனம் கதைக்கும்."

என்னைக் கண்டுபிடிக்க என்னையே அனுப்பினார். சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். உங்களுக்கும் பழக்கம்தானே.

லயம் லயமாகப் போய் விசாரித்தேன். நல்லபிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு விசாரித்தேன். கடைக்காரர் பள்ளிக்கூடம் என்றார். பள்ளிக்கூடத்தில் கடை என்றார்கள். ஒரு பெண் அவளைப் பெற்ற அப்பனே வைத்ததாகச் சத்தியம் செய்தாள். அவளும் அன்று பீலியடியில் சோப்புக் கையோடு நின்றவள்தான். யாருக்கும் என் ஞாபகம் இல்லை. பேர் அவ்வளவு நன்றாக ஒட்டி, வைத்தவனை உதிர்த்துவிட்டிருந்தது. தப்பித்தேன் என்று த்ரீவீலை நோக்கி நடந்தேன்.

பீலியடியில் லோஷினியின் தம்பி சுதன் நின்றான். ஒன்பது வயது.

"என்னாண்ணே, எல்லாருகிட்டயும் கேக்குறீங்க? நீங்கதானே வச்சீங்க."

என் கால் நின்றுவிட்டது.

"நான் அன்னைக்கு இங்கதான் குளிச்சிக்கிட்டு இருந்தேன். நீங்க அக்கா மாரியே நடந்தீங்க." காலால் தண்ணீரைத் தட்டிக்கொண்டே நின்றான். பிறகு குரல் சின்னதாகிவிட்டது. "நானும் சிரிச்சேண்ணே. அம்மாகிட்ட சொல்லிறாதீங்க."

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? உன் மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும். சின்னப்பிள்ளை, சிரிப்பு வந்தது, சிரித்தாய், அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வேண்டும். எனக்கும் தெரியும்.

"நான் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான் ஒப்பந்தம். அவனுடைய சின்னச் சிரிப்பை என் குற்றத்தோடு சேர்த்து ஒரே முடிச்சாகக் கட்டி, அதைக் காவல்காக்க ஒன்பது வயதுப் பையனை நிறுத்திவிட்டு வந்தேன்.

"ஆளுக்கு ஒரு பேரச் சொல்றாங்க டொக்டர். யாருன்னு புடிக்க முடியல" என்றேன் மாடியில்.

டொக்டர் பேனாவை மூடினார். "சரி. போம்" என்றார்.

அவருக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு லோஷினி வீட்டுக்கு மாதாமாதம் குளிசை கொண்டுபோகிற வேலையை என்னிடம்தான் தந்தார். வேறு ஆள் இருந்தும் என்னிடமே தந்தார். என் தோட்டம் என்பதால் இருக்கலாம்.

கூடப் பிறந்தவர்களையும் பார்க்க வேண்டும் என்று சுதனுக்கும் இரத்தம் எடுத்தார்கள். அவனுக்கும் அதே நோய். வெளியே ஒன்றும் தெரியும் முன்பே பிடித்துவிட்டார்கள். குளிசை குடிக்கிறான், ஓடுகிறான், கிரிக்கெட் விளையாடுகிறான். எங்கள் பிரிவால் ஒரு பிள்ளை தப்பியது என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

லோஷினிக்குப் பிந்திவிட்டது. நடுக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பேச்சு வரவில்லை. வாய் அகலத் திறந்து, பல் எல்லாம் தெரிய, எப்போதும் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறாள். முதல் தடவை பார்த்துவிட்டு, ஏன் சிரித்துக்கொண்டே இருக்கிறாள் என்று டொக்டரிடம் கேட்டேன்.

"அது சிரிப்பில்லை. முகத்துச் சதை இழுத்துப் பிடிச்சிருக்கு. அவளுக்கு நோகவும் கூடும்" என்றார்.

அப்படியானால் அன்று பீலியடியில்? கேட்கவில்லை. சிலதைக் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம்.

மனிதர்களுடைய வாய் திறந்து பல் தெரிவதைப் பார்க்கவே நான் பிழைத்திருந்தேன். இப்போது மாதம் ஒரு தடவை அந்தப் படியேறினால் முதலில் தெரிவது அதுதான்.

போன மாதமும் போனேன். கமலா அக்கா பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். என்னோடு பேசுவதில்லை. சுதன் வாசல் படியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அக்காவையே பார்த்தான்.

"அண்ணே, அக்கா நம்மளப் பாத்துத்தான் சிரிக்கிறாளா?"

இன்னொரு தடவை ஒரு நேரான கேள்வி. உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த அளவு வாய்ப்பு வேறு யாருக்காவது கிடைத்திருக்குமா?

"ஆமாடா" என்றேன்.

"அப்ப அவளுக்கு நம்ம மேல கோவம் இல்லயாண்ணே?"

லோஷினி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் அப்படியேதான் இருந்தது. கண்கள் மட்டும் அசைந்தன. அவளிடம் கேட்டிருக்கலாம். அவளால் பதில் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

"இல்லடா" என்றேன்.

அவன் நம்பினான். எழுந்து விளையாட ஓடினான். அவள் தன் வாயால் சொல்லாத அந்த 'இல்லை'யை நானாகவே போட்டேன்.